4கே டிஸ்க் வாங்கினேன், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

திருப்பூர் தினேஷ் | சனி, இரவு 10.42

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். எனக்கு இது முதல் இழை.

போனஸ் பணத்தில் 55 இன்ச் ஓலெட் டிவி எடுத்தேன். பெரியப்பா மகன் துபாயிலிருந்து வந்தபோது பழைய யூஎச்டி புளூரே பிளேயர் ஒன்றும் இரண்டு 4கே டிஸ்க்கும் கொண்டுவந்தார். ஒரு டிஸ்க் புதுப் படம், கண்ணாடி மாதிரி இருக்கிறது. இன்னொன்று எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அமெரிக்கப் போலீஸ் படம். (பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த ஹீரோவின் பக்கம் போய்விடும்.) அதைப் போட்டால் திரை முழுக்க ஈசல் பறப்பது போல ஏதோ நெளிகிறது. இரவுக் காட்சிகளில் படு மோசம். இதே படம் ஓடிடியில் வழவழவென்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் ஏன் இப்படி?

இன்னொரு சந்தேகம். புள்ளி எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஐந்தாறு வினாடி கூடும், அப்புறம் டக்கென்று பழையபடி ஆகிவிடும். டிஸ்க்கில் பழுதா, கேபிளா? அப்பா வேறு “இதுக்குத்தான் இவ்வளவு செலவா” என்று ஆரம்பித்துவிட்டார்.


பிட்ரேட் பிரபு | சனி, இரவு 11.05

கேபிளை விடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் கெட்டிருந்தால் பளிச் பளிச்சென்று வெள்ளைப் பொட்டு தெறிக்கும், அல்லது படமே விட்டு விட்டு வரும். ஈசல் மாதிரி நெளியாது.

முதலில் டிவியில் பிக்சர் மோடு என்ன என்று பாருங்கள். விவிட் என்று இருந்தால் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னெஸ்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷார்ப்னெஸ் என்பது விவரம் கூட்டுவதில்லை, ஓரங்களுக்கு மை தீட்டுவது. ஒவ்வொரு புள்ளிக்கும் மை தீட்டினால் ஈசல் வண்டாகிவிடும். மோஷன் ஸ்மூத்திங் எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பது பழுதில்லை. அது கிரெயின், பிலிமிலேயே இருக்கும் பொடி.


கோவை கார்த்தி | ஞாயிறு, காலை 8.20

வந்துவிட்டார்கள் கிரெயின் பக்தர்கள். நான் டிவி ஷோரூமில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். 4கே என்று சொல்லி விற்ற டிவியில் புள்ளி தெரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த நாளே வந்து நிற்பார். “பேனல் போச்சு, மாத்திக் கொடு” என்பார். அவரிடம் போய் அது கலை என்று சொல்ல முடியுமா? சோற்றில் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தானே சாப்பிடுகிறோம்? ஓடிடிக்காரன் பொறுக்கிப் போட்டிருக்கிறான், டிஸ்க்காரன் போடவில்லை. தினேஷ், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.


பழைய லேப்காரன் | ஞாயிறு, காலை 9.47

கார்த்தி தம்பி, அது சோற்றில் கிடக்கும் கல் இல்லை. சோறே அதுதான்.

கோடம்பாக்கம் பக்கம் ஒரு கலர் லேபில் 23 வருடம் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் மேஸ்திரி என்னை லைட் பாக்ஸ் முன்னால் உட்காரவைத்து, ஒரு துண்டு நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தார். “மூஞ்சி எங்கே முடியுது, காத்து எங்கே ஆரம்பிக்குதுன்னு பார்த்துச் சொல்லு” என்றார். கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தால் மூஞ்சியும் இல்லை, காற்றும் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு மேகம். அந்தப் பொடி நெருக்கமாக இருந்தால் இருட்டு, விலகியிருந்தால் வெளிச்சம். கன்னத்தின் கோடு என்று நாம் நினைப்பது அந்தப் பொடியின் நெருக்கம் மாறுகிற இடம்.

பிலிம் என்பது ஜெலட்டினில் கலந்த சில்வர் ஹேலைடு படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகம் டெவலப்பரில் வெள்ளியாக மாறும். கலர் பிலிமில் அந்த வெள்ளியைச் சுற்றிச் சாயம் உருவாகும். பிறகு பிளீச், ஃபிக்சர் பாத்களில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிடுவோம், சாயத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். நீங்கள் ஈசல் என்று சொல்வது அதுதான். பிரேமுக்குப் பிரேம் படிகங்கள் இருக்கும் இடம் வேறு. அதனால் வினாடிக்கு 24 தடவை புள்ளி இடம் மாறுகிறது, நெளிவதாகத் தெரிகிறது.

படிகம் பெரிசாக இருந்தால் பிலிம் வேகம், கொஞ்சம் வெளிச்சத்திலும் எடுக்கலாம், ஆனால் பொடி பெரிசாகும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் எல்லோரும் ஓட்டிய ஈஸ்ட்மன் 5254 நெகட்டிவின் வேகம் வெறும் 100. இரவு நேரத்துத் தெருவில், இருக்கிற விளக்கில் போலீஸ் படம் எடுக்க அது போதாது. அண்டர் எக்ஸ்போஸ் செய்துவிட்டு லேபில் கூடுதல் நேரம் டெவலப் பண்ணச் சொல்வார்கள். அதற்குப் புஷ் என்று பெயர். புஷ் பண்ணினால் பொடி இன்னும் முரடாகும். தினேஷுக்கு இரவுக் காட்சி படு மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஒளிப்பதிவாளர் தெரிந்தே எடுத்த முடிவு அது.

நடுவில் ஐந்தாறு வினாடி கூடுகிறது என்றீர்களே, அது எனக்குப் பிடித்த கேள்வி. அந்த இடங்களில் கதையில் என்ன நடக்கிறது என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள். பிறகு பேசுவோம்.


ஸ்கார்பரோ சிவா | ஞாயிறு, மதியம் 12.30

லேப்கார அண்ணை சொல்வது முழுக்க உண்மை. என்னிடம் அறுநூறுக்கு மேல் டிஸ்க் கிடக்கிறது, வீட்டுக்காரிக்குச் சரியான எண்ணிக்கை தெரியாது. இத்தாலிக் கௌபாய் படங்களைப் பார்த்தால் தினேஷ் மயங்கி விழுந்துவிடுவார். அதில் நிறையப் படங்கள் டெக்னிஸ்கோப். 35 எம்எம் பிலிமில் வழக்கமாக ஒரு பிரேம், ஓரத்தில் இருக்கும் துளைக் கணக்கில், நாலு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. 1,000 அடி ரோல் வழக்கமாகப் பதினொரு நிமிடம் ஓடும், இதில் இருபத்திரண்டு நிமிடம். பிலிம் செலவு பாதி, ஆனால் பாதி நெகட்டிவைத்தான் அதே பெரிய திரைக்கு ஊதிப் பெரிசாக்க வேண்டும். பொடியும் சேர்ந்து ஊதும். கிழவர்களின் முகச் சுருக்கமும் தாடியும் புழுதியும் அந்தப் பொடியில் ஒன்றாகக் கலந்து நிற்கிற அழகு வேறு எதிலும் வராது.

இந்தப் பொடியைத் துடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் காசு கொடுத்து வாங்கிய பாடங்கள் உண்டு. 2008இல் ‘பேட்டன்’ புளூரே வந்தது. 65 எம்எம் நெகட்டிவில் எடுத்த படம், பொடி தேடினாலும் கிடைக்காது. அதையும் டிஎன்ஆர் (புள்ளி துடைக்கும் சாஃப்ட்வேர்) போட்டுத் தேய்த்திருந்தார்கள். 2012இல் தேய்க்காமல் மறுபடி வெளியிட்டார்கள், மறுபடி வாங்கினேன். 2010இல் வந்த ‘பிரிடேட்டர்’ டிஸ்க் இன்னும் பிரசித்தம். காட்டுக்குள் வியர்த்து வழிகிற ஆர்னால்டின் முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும்.


பிட்ரேட் பிரபு | ஞாயிறு, மதியம் 1.15

கார்த்தியின் கேள்விக்கு என் தொழில் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். வீடியோ கம்ப்ரெஷன்தான் எனக்குச் சோறு போடுகிறது.

ஓடிடிக்காரன் கல் பொறுக்கவில்லை, பை சின்னது என்பதால் அரிசியைக் குறைத்திருக்கிறான். 35 எம்எம் முழு பிரேமை 4கேயில், 10 பிட்டில் ஸ்கேன் செய்தால் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 51 எம்பி. இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 பிரேம். கூட்டினால் 9 டெராபைட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதை 66 ஜிபி அல்லது 100 ஜிபி டிஸ்க்கில் அடக்க வேண்டும். ஓடிடியில் வினாடிக்கு 15 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அதே படம் பதின்மூன்றரை ஜிபிதான்.

இவ்வளவு சுருங்குவது எப்படி? போன பிரேமில் இருந்த சுவர் இந்த பிரேமிலும் இருக்கிறது, “அப்படியே வைத்துக்கொள்” என்று ஒரு குறிப்பு மட்டும் அனுப்பினால் போதும். முகம் நாலு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தால் “நகர்த்து” என்று இன்னொரு குறிப்பு. கோடெக்கின் (வீடியோவைச் சுருக்கும் முறையின்) உயிரே இந்த ஊகம்தான். கிரெயின் இந்த ஊகத்துக்குச் சிக்காது. ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக, யாரும் கணிக்க முடியாத இடத்தில் வரும். பிட் பற்றாக்குறை வந்தால் என்கோடர் முதலில் கை வைப்பது அதில்தான். சில நேரம் என்கோடருக்கு முன்னாலேயே ஒரு ஃபில்டரைப் போட்டு வழித்துவிடுகிறார்கள். சர்வர் செலவும் டேட்டா செலவும் மிச்சம், வாடிக்கையாளரும் “என்ன கிளாரிட்டி” என்று பாராட்டுகிறார்.

தினேஷ் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓடிடியில் அதே இரவுக் காட்சியை நிறுத்தி, இருட்டான சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கட்டம் கட்டமாக, படிக்கட்டு மாதிரி இருட்டு தெரியும். டிஸ்க்கில் அந்தச் சுவரில் காரை பெயர்ந்தது தெரியும்.


கோவை கார்த்தி | ஞாயிறு, மதியம் 2.02

சரி, சோற்று உவமையில் தோற்றேன். ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தியேட்டரில் ஜனங்கள் பார்த்தது நெகட்டிவையா? பிரின்டைத்தானே? பிரின்டில் இவ்வளவு புள்ளி தெரிந்திருந்தால் எங்கள் தாத்தா டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார். நீங்கள் இப்போது நெகட்டிவை 4கேயில் தோண்டி எடுத்துவிட்டு, இதுதான் இயக்குநர் காட்ட நினைத்தது என்றால் எப்படி?


ஆபரேட்டர் மணி | ஞாயிறு, மாலை 4.40

நல்ல கேள்வி. கும்பகோணம் பக்கம் ஒரு தியேட்டரில் நான் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்திலிருந்து இருக்கிறேன். தாத்தா காசு கேட்டிருக்க மாட்டார். லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு, திரையில் பீடிப் புகைக் கறை, எங்களிடம் வந்துசேரும்போது பிரின்டு ஐம்பது ஊர் சுற்றியிருக்கும். மழை பெய்கிற மாதிரி கோடு விழும். அதில் கிரெயினை யார் கண்டார்?

வெளிநாட்டில் ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ் என்ற பாசிட்டிவ் நகல், அதிலிருந்து டூப் நெகட்டிவ் என்ற நெகட்டிவ் நகல், அதிலிருந்துதான் பிரின்டு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை போகும், அப்புறம் அந்தந்தப் படியின் பொடியும் வந்து ஏறும். நம் ஊரில் அந்தச் செலவு செய்தவர்கள் குறைவு. ஒரிஜினல் நெகட்டிவையே மெஷினில் ஓட்டி ஓட்டிப் பிரின்டு அடித்தார்கள். அதனால் நமக்கு முதல் பிரதி பளிச்சென்று இருந்தது, நெகட்டிவ் நாசமானது.

இப்போது டிஜிட்டல். புரொஜெக்டர் புதுசு, படம் 4கே, ஆனால் லாம்ப் மாற்றுகிற காசை மிச்சம் பிடித்துப் பாதி வெளிச்சத்தில் ஓட்டுகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். திரையில் 14 ஃபுட்லாம்பர்ட் வெளிச்சம் விழ வேண்டும் என்பது கணக்கு. மீட்டர் வைத்து அளந்தால் சில இடங்களில் ஏழு கூட வராது. அதைக் கேட்க ஆள் இல்லை. 2018இல் மார்ச் 1ஆம் தேதி தொடங்கி ஏழு வாரம் போலத் தமிழில் புதுப் படமே ரிலீஸ் ஆகாமல் கிடந்தது நினைவிருக்கிறதா? டிஜிட்டல் கம்பெனிகள் வாங்குகிற விபிஎஃப் என்ற புரொஜெக்டர் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் செய்த வேலைநிறுத்தம். புரொஜெக்டரின் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கட்டணம் என்று அவர்கள் கேட்டார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால்...


மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 4.58

மணி அண்ணா, விபிஎஃப்புக்குத் தனி இழை இருக்கிறது, 61 பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே கிரெயின் மட்டும்.


பழைய லேப்காரன் | ஞாயிறு, மாலை 6.10

கார்த்தி கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நெகட்டிவை நேரடியாக ஸ்கேன் பண்ணினால் அன்றைய ரசிகர் பார்க்காத நுணுக்கமும் தெரியும், பார்க்காத பொடியும் தெரியும். மேக்கப் கோடு தெரியும், விக்கின் விளிம்பு தெரியும், தொங்கவிட்ட கம்பி தெரியும். அதனால்தான் நல்ல இடங்களில் ஒரு நல்ல பிரின்டை ஓட்டிப் பார்த்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரேடிங் (நிறமும் வெளிச்சமும் சரிசெய்வது) செய்கிறார்கள். பொடியைக் கொஞ்சம் அடக்குவது தப்பில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடுகிறோம், குழம்பையே கீழே கொட்டுவதில்லை.


நிலா கிளீனப் | ஞாயிறு, இரவு 9.25

இவ்வளவு நேரம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான் ரெஸ்டோரேஷன் (பழைய படங்களைச் சீர்செய்யும்) வேலையில் இருப்பவள். எங்கே என்று கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கிரெயின் வேறு, அழுக்கு வேறு. தூசி, கீறல், பூஞ்சை, ஒட்டுப்போட்ட இடத்துக் கோந்து இதெல்லாம் அழுக்கு, இவை போக வேண்டும். கீறலுக்கு வெட் கேட் என்று ஒன்று இருக்கிறது. பிலிமின் அடிப்பரப்பு ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு வளைக்கிற திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வார்கள். திரவம் கீறலை நிரப்பிவிடும், ஸ்கேனர் கண்ணுக்குக் கீறல் தெரியாது. தூசிக்கு அகச்சிவப்பு. கலர் பிலிமின் சாயம் அகச்சிவப்புக் கதிரை உள்ளே விட்டுவிடும், தூசி மறிக்கும். ஆக எது தூசி என்று தனியாக ஒரு வரைபடமே கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த வித்தை செல்லாது. அதில் சாயம் இல்லை, படமே வெள்ளி. வெள்ளியும் மறிக்கும், தூசியும் மறிக்கும், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்போது சாஃப்ட்வேரை நம்ப வேண்டியிருக்கிறது. அதன் புத்தி ரொம்ப எளிமையானது. ஒரு பொருள் முந்தைய பிரேமில் இல்லை, அடுத்த பிரேமில் இல்லை, இந்த பிரேமில் மட்டும் இருக்கிறதா? அப்படியானால் அழுக்கு, எடுத்துவிடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டு கையில் வந்தது. ஆட்டோ கிளீனை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் படம் சுத்தம், துடைத்துவிட்ட தரை மாதிரி. பெருமையாக சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு தடவை பார்த்தார், இரண்டாம் தடவை பார்த்தார், “மூக்குத்தி எங்கேம்மா?” என்றார். அந்த அம்மா தலையைத் திருப்புகிற ஒரு கணத்தில் மூக்குத்தியின் கல் லைட்டில் பட்டு ஒரே ஒரு பிரேம் மின்னும். ஒரிஜினலில் அந்தப் பல்லவி முழுக்க நாலு தடவை மின்னுகிறது. சாஃப்ட்வேர் நாலையும் தூசி என்று எடுத்து எறிந்திருந்தது. அன்று ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து நாலு மின்னலையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். மத்தாப்பு, மழைத்துளி, தெறிக்கிற தண்ணீர், ஆரத்தித் தீபம் என்று இதே ஆபத்துள்ள பட்டியல் ஒன்று இப்போதும் என் மேஜையில் ஒட்டியிருக்கிறது.

டிஎன்ஆரும் இதே புத்திதான். பக்கத்து பிரேம்களோடு சராசரி எடுக்கும். எது நிலையாக இருக்கிறதோ அது படம், எது மாறுகிறதோ அது குப்பை என்று நினைக்கும். உதட்டோர நடுக்கம் மாறுகிற விஷயம். பாதிப் படங்களில் நடிப்பே அதில்தான் இருக்கிறது.

பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ‘காட்ஃபாதர்’ 2022 ரெஸ்டோரேஷனில் கறை, கிழிசல் சரி செய்ய மட்டும் 4,000 மணி நேரம் ஆனதாக அந்த ஸ்டுடியோ சொன்னது. எங்களுக்குப் பல படங்களுக்குக் கிடைப்பது வாரக் கணக்கு. அதற்குள் கையால் செய்ய முடியாததை ஸ்லைடரால் செய்கிறோம். படம் வழவழவென்று வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ரசனை இல்லை, கெடு தேதி.


ஸ்கார்பரோ சிவா | திங்கள், அதிகாலை 5.15

மூக்குத்திக் கதைக்கு எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, அதையும் கதைப்போம். “இயக்குநர் நினைத்தது” என்று எல்லோரும் சொல்கிறோம். ஜேம்ஸ் கேமரூன் உயிரோடு இருக்கிறார். 2024இல் அவருடைய ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’, ‘தி அபிஸ்’ மூன்றும் 4கே டிஸ்க்காக வந்தன. பீட்டர் ஜாக்சனின் நியூசிலாந்துக் கம்பெனியான பார்க் ரோடு போஸ்டில் இயந்திரக் கற்றல் வைத்து வேலை செய்தார்கள். கேமரூன் தரப்பு பார்த்து ஒப்புதல் கொடுத்ததுதான். பொடியை எடுத்தது மட்டுமில்லை, இல்லாத கூர்மையையும் எழுதிச் சேர்த்தது மாதிரி இருக்கிறது. ‘ட்ரூ லைஸ்’ போட்டுப் பார்த்தேன், பின்னால் நிற்கிற ஆட்களின் முகம் யாரோ நினைவிலிருந்து வரைந்தது போல இருந்தது. இயக்குநரே கையெழுத்துப் போட்டால் ரசிகன் யாரிடம் முறையிடுவது?


பழைய லேப்காரன் | திங்கள், காலை 7.30

அவர் படம், அவர் உரிமை. ஆனால் 1986இல் ‘ஏலியன்ஸ்’ வந்தபோது கையெழுத்துப் போட்டதும் அவர்தானே? இரண்டு கையெழுத்துக்கும் மதிப்புண்டு. பழையதையும் சேர்த்து விற்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை அலமாரியில் பூட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது.


பிட்ரேட் பிரபு | திங்கள், காலை 10.11

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு பக்கம் பழைய படத்தில் துடைக்கிறார்கள், இன்னொரு பக்கம் புதுப் படத்தில் பூசுகிறார்கள். ‘டியூன்’ முதல் பாகத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்து, முடித்த படத்தை 35 எம்எம் பிலிமில் பதிந்து, அந்தப் பிலிமை மறுபடி ஸ்கேன் செய்துதான் வெளியிட்டார்கள். அந்தப் பொடிக்காக மட்டுமே அவ்வளவு சுற்று!

ஓடிடிக்காரர்களும் சும்மா இல்லை. 2018இல் வந்த ஏவி1 கோடெக்கில் ஃபிலிம் கிரெயின் சிந்தஸிஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அனுப்பும் இடத்தில் கிரெயினை எடுத்துவிட்டு, அது எப்படிப்பட்ட கிரெயின், எவ்வளவு முரடு, இருட்டில் எவ்வளவு, வெளிச்சத்தில் எவ்வளவு என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் அனுப்புவார்கள். உங்கள் டிவி அந்தக் குறிப்பைப் படித்துப் புதுப் பொடியைத் தூவிக்கொள்ளும். நெட்ஃப்ளிக்ஸ் 2025இலிருந்து இதைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறது. என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.


பழைய லேப்காரன் | திங்கள், காலை 10.40

அது டப்பாவில் வருகிற பூ வாசனை. பரவாயில்லை, பிணவாடைக்கு மேல்.


நிலா கிளீனப் | திங்கள், காலை 11.02

டிஐ (படத்தை டிஜிட்டலில் நிறம் திருத்தி முடிக்கும் வேலை) பக்கத்திலும் இதே கூத்துதான். “கொஞ்சம் கிரெயின் போடுங்க, பிலிம் ஃபீல் வரணும்” என்று கேட்காத இயக்குநரை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. அதே ஆள் ஓடிடி டெலிவரிக்கு வரும்போது “நாய்ஸா இருக்கே, குறைங்க” என்பார்.


திருப்பூர் தினேஷ் | திங்கள், இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

பிரபு சொன்னபடி பார்த்தேன். விவிட் மோடுதான் இருந்தது, ஷார்ப்னெஸ் 50. இரண்டையும் மாற்றிய பிறகு ஈசல் கூட்டத்தில் பாதி காணாமல் போய்விட்டது. ஓடிடியில் அந்தச் சுவரையும் பார்த்தேன், படிக்கட்டு இருக்கிறது. டிஸ்க்கில் சுவரில் கிழிந்த சினிமா போஸ்டர் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஓடிடியில் அது வெறும் கறை.

லேப்கார ஐயா சொன்னபடி, புள்ளி கூடுகிற இடங்களை நோட்டில் குறித்தேன். ஒன்பது இடம். முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு இடம் டைட்டில் எழுத்து ஓடும்போது. ஒரு இடத்தில் ஹீரோ காரில் ஏறுகிறார், படம் கரைந்து மறுநாள் காலை வருகிறது. இன்னொன்றில் ஆஸ்பத்திரி, அது கரைந்து கல்லறை. ஒன்பதிலும் எழுத்து ஓடுகிறது, இல்லாவிட்டால் ஒரு காட்சி இன்னொன்றாகக் கரைகிறது. ஆனால் ஐயா, காட்சி கரைய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே புள்ளி கூடிவிடுகிறது. அது ஏன்?


பழைய லேப்காரன் | செவ்வாய், காலை 6.55

பிடித்துவிட்டீர்கள்!

இதற்குப் பெயர் ஆப்டிகல். டிசால்வ் (ஒரு காட்சி இன்னொன்றாகக் கரைவது), ஃபேட் (காட்சி இருட்டாவது), படத்தின் மேல் எழுத்து இதெல்லாம் அன்று கேமராவில் எடுத்த நெகட்டிவில் கிடையாது. ஆப்டிகல் பிரின்டர் என்று ஒரு மெஷின். ஒரு பக்கம் புரொஜெக்டர், எதிரே கேமரா. முதல் காட்சியின் பாசிட்டிவை ஓட்டி மெல்ல இருட்டாக்கி எடுப்போம். பிறகு கேமராவில் இருக்கும் பிலிமை எண்ணிப் பின்னால் சுற்றி, அதே இடத்தில் இரண்டாம் காட்சியை இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சமாக்கி எடுப்போம். இரண்டும் ஒரே பிலிமில் விழும். இப்படிக் கிடைத்த டூப் நெகட்டிவை ஒரிஜினல் நெகட்டிவுக்கு நடுவில் வெட்டி ஒட்டுவோம். ஒரு பிரேம் எண்ணிக்கை தப்பினால் முழுதும் வீண், மறுபடி முதலிலிருந்து. நானே அப்படி ஒரு தடவை நாள் முழுக்க வீணாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டூப் என்பது பேரன் தலைமுறை. ஒரிஜினலின் பொடி, நடுவில் எடுத்த பாசிட்டிவின் பொடி, டூப்பின் சொந்தப் பொடி, மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று. வெட்டுவது பெரும்பாலும் காட்சி மாறுகிற இடத்தில் அல்லது டிசால்வுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதனால்தான் கரைவதற்கு முன்னாலேயே கூடுகிறது. மறு காட்சியில் எந்த இடத்தில் டக்கென்று குறைகிறதோ, அங்கேதான் ஒருத்தர் கத்தரியும் பிலிம் ஒட்டும் சிமென்டும் வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறார்.


திருப்பூர் தினேஷ் | செவ்வாய், இரவு 10.05

பார்த்தேன். பிரேம் பிரேமாக நகர்த்தி, கல்லறைக் காட்சியில் குறைகிற இடத்தை அப்பாவுக்கும் காட்டினேன். ரிமோட்டை வாங்கிக்கொண்டு மீதி எட்டையும் அவரே தேட ஆரம்பித்துவிட்டார். இன்னும் முடியவில்லை, எனக்குத் தூக்கம் வருகிறது.


கோவை கார்த்தி | செவ்வாய், இரவு 10.31

தினேஷ், அந்த டிஸ்க்கை ஒரு நாள் கொடுங்களேன். ஷோரூமில் போட்டுப் பார்க்க வேண்டும். கோவை ஒரு மணி நேரம்தானே.


திருப்பூர் தினேஷ் | செவ்வாய், இரவு 10.36

ஞாயிறு வருகிறேன். விவிட் மோடில் போட மாட்டீர்கள் என்று இங்கேயே எழுதிக் கொடுங்கள்.